மேல் வரிசை மாடம்

ரோமில் புறாக்கூட்டுக்குக் கொலும்பாரியம் என்று பெயர். செத்தவர்களின் சாம்பல் பானைகளை மாடம் மாடமாக அடுக்கி வைக்கும் கட்டடத்துக்கும் அதே பெயர்தான். எந்தக் குசும்பன் வைத்தானோ! உயிரோடு இருக்கும்போது ஐந்தாம் மாடிப் பொந்து, செத்தால் புறாப் பொந்து. அடிமைத்தளை நீங்கிய ஏழைகளின் தலையில் வேறென்ன எழுதியிருக்கும்?

சலவைக்கார ஸ்டாக்கிஸின் மனைவி நெப்ரிஸ், முழங்கால் வலியோடு ஆயுள் முழுக்க அந்த ஐந்து மாடிக்கும் தண்ணீர் சுமந்தவள். சாகும்போது ஒன்றுதான் கேட்டாள்.

"செத்த பொறவாச்சும் என்னை மேல ஏத்திடாதய்யா."

இறுதிச் சடங்குக்காக ஏழைகள் மாதாமாதம் காசு கட்டும் ஈமச் சங்கத்தில் மாடங்களைச் சீட்டுக் குலுக்கித்தான் பங்கிடுவார்கள். ஸ்டாக்கிஸுக்கு விழுந்தது கூரையை ஒட்டிய மேல் வரிசை. ஒரு மாடத்தில் இரண்டு பானை. அவளுக்கு ஒன்று, பிற்பாடு அவனுக்கு ஒன்று. பாவி மனுஷன் தலையில் அடித்துக்கொண்டான்.

அடிவரிசை மாடம் ரொட்டிக்கார டியோக்ளெஸுக்கு விழுந்திருந்தது. அதில் ஒரு பானையில் அவன் மாமியார் ஏற்கெனவே குடியேறியாயிற்று. ஸ்டாக்கிஸ் நேரே அவனிடம் போனான்.

"அண்ணே, கீழ ஒனக்குள்ள எடத்த எம் பொண்டாட்டிக்குக் குடுண்ணே. மேல அவ எடத்த நீ எடுத்துக்க."

டியோக்ளெஸுக்கு வாயெல்லாம் பல். "அட மவராசா! அந்தக் கெழவிகிட்டேருந்து அம்புட்டு தூரமா? இப்பவே எடுத்துக்க! ஆனா ஒண்ணு, மேல எங்கூடத்தான் நீ காலந்தள்ளணும். நான் கொறட்ட விடுவேன், பாத்துக்க."

"விட்டுக்கண்ணே."

சங்கத்தார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செத்தும் பெண்டாட்டியைப் பிரியக்கூடாது என்றுதான் எல்லாரும் சங்கத்தில் சேர்வார்கள். இவனோ வலியப் போய்ப் பிரித்துவிட்டு வருகிறான்!

பிப்ரவரியில் செத்தவர்களுக்குப் படைக்கும் நாள் வந்தது. மேல் வரிசைக்காரர்கள் ஏணிக்காக அடித்துக்கொண்டார்கள். ஸ்டாக்கிஸ் நிதானமாக மண்டியிட்டு, மதுவில் நனைத்த ரொட்டியையும் வயலட் பூக்களையும் நெப்ரிஸுக்கு வைத்தான். மாமியார்க் கிழவிக்கும் ஒரு வாய் மது ஊற்றினான். பக்கத்து வீட்டுக்காரியைப் பகைத்துக்கொள்ளக் கூடாதல்லவா!

டியோக்ளெஸுக்குப் பொறுக்கவில்லை. "அடப் பைத்தியக்காரா, சாம்பலுக்கு ஏதுடா முழங்கால் வலி?"

"தெரியும்ணே." ஸ்டாக்கிஸ் எழுந்திருக்கவில்லை. "அவ உசுரோட இருக்கையில ஒரு நாளாவது அந்தத் தண்ணிக் கொடத்த நான் வாங்கிச் சொமந்திருந்தா, இதெல்லாம் எதுக்கு?"