பலகைச் சுவரைத் தாண்டிப் போன லைன்

மேபலுக்கு வாய் கொஞ்சம் நீளம். மனமும் அதே அளவுக்குப் பெரிசு. கொட்டாஞ்சேனையில் தன் பழைய வீட்டின் பின்பாதியைப் பலகைச் சுவர் அடித்து மறித்து, நிரோஷாவுக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தாள். நிரோஷா பொகவந்தலாவைப் பிள்ளை. புறக்கோட்டையில் அவள் வேலைக்கு நிற்கும் உடுப்புக்கடையை இந்த மாதத்தோடு மூடப் போகிறார்கள். வேறு வேலை கிடைக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்கு, தேயிலைத் தோட்டத்துக்கே போக வேண்டியதுதான். அதை நினைக்கவே மேபலுக்கு மனம் வரவில்லை. பிள்ளைகுட்டி இல்லாத வீட்டில் “ஆன்ட்டி, ஆன்ட்டி” என்று கூப்பிட இப்போதுதான் ஒரு குரல் வந்திருந்தது.

கடைசியில் வெள்ளவத்தைக் கம்பனி ஒன்று நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. இன்டர்நெட் வேலை செய்யவில்லை என்று போன் எடுப்பவர்களுக்குத் தமிழில் வழி சொல்லிக்கொடுக்கும் வேலை. நேர்முகம் லெப்டொப்பில். அதற்கு முதல் இரவு பார்த்தா இடி விழ வேண்டும்? மேபல் வீட்டு ரவுட்டர் கருகிப் போனது. பின்னறையில் போன் சிக்னலோ கதைக்க மட்டும் போதும், முகம் பார்த்துப் பேசப் போதாது.

வழி கண்டுபிடித்தவளும் நிரோஷாதான். சுவரிலிருந்து வரும் இன்டர்நெட் வயரை மேபலின் புருஷன் கிளறன்ஸின் லெப்டொப்பில் நேரே குத்தினாள். அதில் ஹொட்ஸ்பொட்டைப் போட்டாள். ரவுட்டர் செய்கிற வேலையை அந்த லெப்டொப்பே செய்து, லைனைக் காற்றுவழியே அவளுடைய லெப்டொப்புக்கு அனுப்பியது. பலகைச் சுவரோடு ஒட்டி ஒரு ஸ்டூலில் அதை வைத்துவிட்டு, கிளறன்ஸ் ஒருகொடவத்தைக் கொள்கலன் யார்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். மூடியை மூடினால் லைன் நின்றுவிடும் என்று மேபலிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

பின்னேரம் ஐந்து மணிக்கு என்ற கம்பனிக்காரர்கள் பிந்தித்தான் திரைக்கு வந்தார்கள். பலகைக்கு அந்தப் பக்கம் நிரோஷாவின் குரல் முதலில் நடுங்கியது, பிறகு நேராகியது. கேட்டுக்கொண்டிருந்த மேபலுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில் நேரம் போனதே தெரியவில்லை. மாதா கோயில் மணி அடித்தது.

மணி அடித்தால் மேபல் வீட்டில் செபமாலை. வெளிச்சம் விடுகிற எந்தச் சாமானும் அப்போது முழித்திருக்கக் கூடாது. அது அவள் வைத்த சட்டம். டீவியை நிற்பாட்டினாள். போனைக் குப்புறப் போட்டாள். லெப்டொப்பைப் பட்டென்று மூடி, மேலே லேஸ் துணியையும் விரித்தாள். வருஷக்கணக்கில் பழகின கை, தலையிடம் கேட்டுவிட்டா செய்யும்?

“ஐயோ, ஆன்ட்டி! லைன் போயிருச்சு!”

மேபல் லேஸ் துணியை இழுத்தெறிந்தாள். “மாதாவே! நான்தான்டி பிள்ளை… மூடிப்போட்டன்!”

அந்தப் பக்கம் நிரோஷாவின் போன் அடித்தது. நேர்முகம் எடுத்துக்கொண்டிருந்த துஷ்யந்தி மிஸ். “என்ன நடந்தது? கரண்ட் போயிட்டுதோ?”

போயிட்டுது என்று சொன்னால் முடிந்தது கதை. கொழும்பில் யார் நம்பமாட்டார்கள்?

“இல்ல மிஸ். லைன் தந்த லெப்டொப் மூடிருச்சு. மூடக் கூடாதுனு நான்தான் ஆன்ட்டிகிட்ட சொல்லாம விட்டேன். கொஞ்சம் பொறுங்க, லைன எடுத்துக்கிறேன்.”

பின்னறைக்கு வாசல் மற்றத் தெரு ஒழுங்கையில். சுற்றிக்கொண்டு ஓடிவந்தால் நேரம் போய்விடும். நிரோஷா போனை மேசையில் வைத்துவிட்டு, பலகையில் வாயை ஒட்டிப் பேசினாள்.

“ஆன்ட்டி, மூடியத் தொறங்க. படம் வந்திச்சா?”

“வந்திட்டுது. உன்ர பக்கம்?”

“இன்னும் வரல. கீழ வலது மூலையில விசிறி மாதிரி ஒரு சின்னப் படம் இருக்கும். அத அமத்துங்க.”

“கண்ணாடியக் காணேல்ல… நான் மூதேவி, உன்ர வாழ்க்கையையே கெடுத்துப்போட்டன்!” மேபல் வாய்விட்டே அழுதாள்.

“நீங்க ஒண்ணும் கெடுக்கல ஆன்ட்டி. பிழையா அமத்தினாலும் ஒண்ணும் உடையாது. மூச்ச விடுங்க. கண்ணாடி உங்க தலை மேலயே இருக்கும், பாருங்க.”

தலைமேல்தான் இருந்தது.

“ஹொட்ஸ்பொட்னு எழுதியிருக்கா? அத ஒருக்கா அமத்துங்க. நீலமாகும்.”

“ஆகிட்டுது! நீலமாகிட்டுது பிள்ளை!”

மேபல் பலகையில் காதை ஒட்டினாள். பிறகு துஷ்யந்தி மிஸ்ஸின் குரல் லெப்டொப்பிலிருந்து பலகையைத் தாண்டி வந்தது.

“நிரோஷா, கடைசியா ஒரு சோதினை வச்சிருந்தனான். பதறிப்போய் போன் எடுக்கிற ஒரு ஆளுக்கு எப்பிடி வழி சொல்லுவீங்கள் எண்டு பாக்க. இனித் தேவையில்லை, எல்லாத்தையும் போனில கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். அந்த அம்மா மேல உங்களுக்கு ஒரு சொல்லுக்கூடக் கோவம் வரேல்லையே. அதை நாங்கள் ஒருத்தருக்கும் பழக்க ஏலாது. திங்கக்கிழமை வேலைக்கு வாங்கோ.”

மேபல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். லெப்டொப்பின் மூடியைத் தொடவே பயமாக இருந்தது. மற்றப் பக்கம் “தேங்க்ஸ் மிஸ், தேங்க்ஸ் மிஸ்” என்ற சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு பலகையில் மெதுவாகத் தட்டினாள்.

“பிள்ளை, அப்ப நீ போகமாட்டாய்தானே?”

நிரோஷாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“போகல ஆன்ட்டி. இங்கதான் இருப்பேன்.”