ரொவீனாவுக்கு விழுந்த புள்ளிகள்

எங்கள் ஊர்க்கூட்டம் மார்ச் மாதத்தில், பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் நடக்கும். ரோடு, நூலகம், தீயணைப்பு என்று எல்லாச் செலவுக்கும் ஊரே வாக்கு அட்டையைத் தூக்கி முடிவு சொல்லும். துறைத் தலைவர்கள் சுவரோரமாக மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து, தங்கள் சம்பளத்தை அக்கம்பக்கத்தார் அலசுவதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கொடுமைதான். பழகிப் போனதால் யாருக்கும் அது கொடுமையாகத் தெரியவில்லை.

ஒரு வருஷம் ரோட்டுத் தலைவர் மெர்லும் தீயணைப்புத் தலைவரும் யாருக்கு அதிகம் என்று கூட்டத்திலேயே கத்திக்கொண்டார்கள். ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம் என்ற கதையாகிவிட்டது. இதைத் தீர்க்க, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று பட்டியல் தயாரிக்க ஊர் மூன்று பேர் கொண்ட குழுவைப் போட்டது. அதற்கு நான்தான் தலைவன். முப்பத்து நான்கு வருஷம் காப்பீடு விற்றவன். எண்ணுக்கு முகதாட்சண்யம் கிடையாது என்று நம்பியவன். மற்ற இருவரில் ஒருவர் குளிருக்குப் பயந்து ஃப்ளோரிடா போய்விட்டார், இன்னொருவர் நான் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். ஆகவே அந்தப் பட்டியல் முழுக்க முழுக்க என்னுடையது.

கீழே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், துறையின் செலவு எவ்வளவு, என்ன படிப்பு, எத்தனை வருஷ அனுபவம். ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டேன். புள்ளி கூடினால் சம்பளம் கூடும். தீயணைப்பு முதலிடம், ரோடு அடுத்தது. தண்ணீர்த் துறை கடைசி, நூலகத்துக்கும் கீழே.

தண்ணீர்த் துறைக்குத் தலைவி ரொவீனா திபோ. பத்தொன்பது வருஷமாக எங்கள் குழாய்களில் தண்ணீர் வருகிறதென்றால் அவளால்தான். தண்ணீரை அதிகம் வாங்கிவந்த காகித ஆலை மூடியபோது துறையின் வருமானத்தில் பாதி போனது. அவளிடம் இருந்த மூன்று ஆட்களில் ஒருவர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு ஆள் வேண்டாம் என்றாள். அடுத்தவர் போனபோதும் வேண்டாம் என்றாள். பம்பைப் பிரித்துப் பூட்டத் தானே கற்றுக்கொண்டாள். ஜனவரியில் குழாய் வெடித்தால், மிச்சமிருந்த டேலோடு அவளே பள்ளத்தில் இறங்குவாள். எட்டு வருஷம் தண்ணீர்க் கட்டணம் ஏறவில்லை. நாங்களும் ஏன் என்று கேட்கவில்லை.

பட்டியல் ஆண்டறிக்கையில் அச்சாகி வந்த வாரம் என் வீட்டுக்கு வந்தாள். பனி ஒட்டிய பூட்ஸோடு வாசல் மிதியடியிலேயே நின்றாள்.

"உள்ள வா ரொவீனா. காபி இருக்கு."

"வேணாம் வெண்டல், தரையெல்லாம் ஈரமாயிடும். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த ரெண்டு பேரையும் நான் வெச்சிட்டு இருந்திருந்தா எனக்கு எத்தனை புள்ளி?"

நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். நூலகத்தைத் தாண்டி, மெர்லுக்குப் பக்கத்தில் போயிருப்பாள்.

"அது வந்து... விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே."

"அப்ப ரெண்டு பேர சும்மா உக்கார வெச்சு சம்பளம் குடுத்திருந்தா நான் பெரிய ஆளு. மிச்சம் புடிச்சேன், அதனால சின்ன ஆளு. அப்படித்தானே?"

"நீ அப்படிப் பாக்கக் கூடாது."

"வேற எப்படிப் பாக்க, சொல்லுங்க. நகரத்துல என்னை வேலைக்குக் கூப்பிடறாங்க. எனக்குப் போக மனசில்ல. இங்க ஒவ்வொரு வால்வும் எங்க இருக்குன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். ஆனா கடைசில உக்கார வெச்சிட்டு இருன்னு சொல்லாதீங்க. அது முடியாது."

அவள் சொன்னது சரி என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகுதான் புரிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று மாத உழைப்பு, அச்சில் என் பெயர். கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

கூட்டத்தன்று பட்டியல் வந்ததும், ஆடு வளர்க்கும் ஓபல் எழுந்தாள். "ஏம்பா வெண்டல், தண்ணி ஏன் கடைசில கெடக்கு?"

"அவங்களுக்குக் கீழ ஒரே ஆள்தான் ஓபல்."

"ஆள் கம்மின்னா வேலை கம்மியா? என்னப்பா கணக்கு இது! நானும் ஒண்டியாதான் நாப்பது ஆடு மேய்க்கிறேன். அப்ப நான் பூஜ்யமா?"

கூடம் சிரித்தது. ரொவீனா சிரிக்கவில்லை. அவளுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம், பக்கத்து ஊரில் வீடு. இங்கே அவளுக்கு அட்டை கிடையாது. பேசுவதென்றால்கூட கூடத்தின் அனுமதி வேண்டும். கூட்டத்தை நடத்தும் ஹாலிஸ் அவளைப் பார்த்து, "பேசறீங்களா ரொவீனா? அனுமதி கேக்கட்டுமா?" என்றார். அவள் தலையை அசைத்து மறுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

ஹாலிஸும் என் பக்கம் திரும்பினார். "குழு ஏதாவது மாத்தணும்னு சொல்லுதா?"

'தப்பு என்னுடையது, திருத்துகிறேன்.' அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும்? இருநூறு பேருக்கு முன்னால் காப்பீட்டுக்காரன் வெண்டலுக்குக் கூட்டத் தெரியவில்லை என்று ஆகிவிடுமே என்று பயந்தேன்.

"குழு தன் பட்டியல்ல உறுதியா இருக்கு," என்றேன்.

அட்டைகள் உயர்ந்தன. ஓபலும் இன்னும் பத்துப் பேரும் எதிர்த்தார்கள், பட்டியல் நிறைவேறியது. மதியம் பீன்ஸும் ஆப்பிள் பலகாரமும் பரிமாறியபோது ரொவீனா அங்கே இல்லை. ஏப்ரல் முதல் வாரம் ராஜினாமாக் கடிதம் வந்தது. இரண்டே வரி, என்மேல் ஒரு குறையும் அதில் இல்லை. திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும்.

அந்தச் சம்பளத்துக்கு எவனும் வரவில்லை. ஆகஸ்டில் இரண்டு நாள் ஊர் முழுக்க மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. எந்த வால்வை மூடுவதென்று டேலுக்குத் தெரியவில்லை. இலையுதிர்காலத்தில் ஒருவன் வந்தான். நல்லவன்தான், தப்புச் சொல்ல முடியாது. ஆனால் மூன்று ஆள் இல்லாமல் முடியாது என்றான். ஊர் கொடுத்தது, கட்டணமும் ஏறியது. மூன்று ஆள், பெருத்த செலவு என்று என் பட்டியலில் அவனுக்குப் புள்ளி மளமளவென்று ஏறியது. நானே என் கையால் கூட்டினேன். மெர்லுக்கு அடுத்த இடம்.

அடுத்த மார்ச்சில் அந்தச் சம்பளத்தை ஹாலிஸ் வாசித்தார். யாரும் கேள்வி கேட்கவில்லை. பின்வரிசையில் ஒருவர், "பரவால்ல, இப்பதான் நியாயமா இருக்கு," என்றார். ஓபல்கூட ஆதரித்து அட்டையைத் தூக்கினாள். புதியவன் சுவரோரம் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"எதிர்ப்பவங்க?" என்றார் ஹாலிஸ்.

நான் என் அட்டையைத் தூக்கினேன்.

"வெண்டல், இது உங்க பட்டியல்," என்றார் மெதுவாக.

"தெரியும். இதைப் போன வருஷமே தூக்கியிருக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. ஹாலிஸ், "எதிர்ப்பு ஒண்ணு," என்று எழுத்தரிடம் சொல்லிவிட்டு அடுத்த செலவுக்குப் போனார்.