சொல்ல வேண்டியவன்

வகுப்பில் அவனை 'ஒட்டடைக்குச்சி' என்று கூப்பிடுவார்கள். பதினாறு வயதுக்கு அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. அந்தப் பெயரை அவன் சட்டை செய்ததில்லை. கழிவறைக் கதவில் எவனோ ஆணியால் கீறி வைத்த இன்னொரு பெயர்தான் ஒரு மாதமாக அவனைக் குடைந்தது. பக்கத்திலேயே அவனுடைய வரிசை எண்ணையும் கீறியிருந்தார்கள்.

தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அதற்குத் தன்னை என்னவென்று சொல்லிக்கொள்வது என்பதுதான் பிடிபடவில்லை. கதவில் இருந்தது வசை. இணையத்தில் கிடைத்த சொற்களோ இரவல் சட்டை மாதிரி எங்கேயாவது இறுக்கின. இதையெல்லாம் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தான், பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் தோழியிடம்.

வியாழக்கிழமை பள்ளி ஆலோசகர் கூப்பிட்டனுப்பினார். அறைக்குள் அம்மா உட்கார்ந்திருந்தாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்தாள். நீல மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பயப்படாத தம்பி," என்றார் ஆலோசகர். "உன் ஃப்ரெண்டு வந்து சொன்னா, உன் நல்லதுக்குத்தான். அம்மாகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லிட்டேன்." ஒரு படிவத்தை நகர்த்தினார். "நீ எந்த வகைன்னு இதுல ஒரு டிக் போடு. அதுக்கேத்த மாதிரி உதவி பண்ணலாம்."

ஏழு கட்டங்கள். அவனுக்குக் காது சுட்டது.

"ஒரு மாசமாச்சு, கதவுல எழுதினவன கண்டுபிடிச்சீங்களா?"

"அது வேற விஷயம்."

"எது வேற? அவன் கதவுல எழுதினான், நீங்க பேப்பர்ல எழுதச் சொல்றீங்க. எங்கம்மாகிட்ட நான் சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு மூணு மாசமா மண்டைய உடைச்சிட்டிருக்கேன். நீங்க அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டீங்க."

குரல் உடைந்தது. அது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. படிவத்தைக் கசக்கி மேசையிலேயே போட்டான்.

அம்மா எழுந்தாள். "எந்தக் கதவு? காட்டுங்க."

"அது பசங்க டாய்லெட்டுங்க..."

"பரவால்ல, காட்டுங்க."

உள்ளே நின்ற பையன்கள் அலறியடித்துக்கொண்டு வெளியேறினார்கள். அவள் அந்தச் சொல்லை வாசித்தாள். "ஒரு மாசமா புள்ள இத பாத்துட்டு ஒண்ணுக்குப் போறான். நீங்க அவன வகை பிரிச்சிட்டிருக்கீங்க," என்றாள் ஆலோசகரிடம்.

தெருவில் அவள் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். அவன் ஓடிப் பிடித்தான்.

"அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்."

"அதான் சொல்லிட்டாங்களே."

"அவங்க சொன்னது செல்லாது. நான் சொல்றேன்."

சொன்னான். இரண்டே வாக்கியம். அவள் நடையை நிறுத்தி அவன் பக்கம் திரும்பினாள்.

"எனக்குக் கோவமா வருதுடா."

"என் மேலயா?"

"உன் மேலயும்தான். முதல்ல என்கிட்ட வரலயே."

"வந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

அவள் பொய் சொல்லவில்லை. "அழுதிருப்பேன். ஒரு அறைகூட விட்டிருப்பேன்."

"அதான் வரல."

மறுநாள் கதவுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கீறியவனை யாரும் தேடவில்லை.

தோழி பையை நகர்த்தி அவனுக்கு இடம் விட்டாள். "உன் நல்லதுக்குத்தான்டா சொன்னேன்."

"எது நல்லதுன்னு என்கிட்ட கேட்டிருக்கலாம்."

கடைசி பெஞ்சுக்குப் போய்த் தனியாக உட்கார்ந்தான். அந்தப் பருவம் முடியும்வரை அங்கேயேதான் உட்கார்ந்தான்.