212/6-ல் மூடிய சேறு

நவம்பர் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, ரயில் பாதையின் கிலோமீட்டர் 212/6-ல் ஒன்பது மீட்டர் நீளத்துக்கு ஜல்லியின் அடியிலிருந்து சேறு மேலேறியிருந்தது. அந்த இடத்தில் வண்டிகள் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது.

விடியுமுன்பே, தண்டவாளத்தைப் பராமரிக்கும் கேங் ஆட்கள், மேஸ்திரியோடு சேர்த்துப் பன்னிரண்டு பேரும், வேலையில் குனிந்துவிட்டார்கள். சேற்றை வழித்தெடுத்து, புது ஜல்லியைக் கூடை கூடையாகக் கொட்டி, கடப்பாரையால் இடித்துச் சமன் செய்தார்கள். குளிரில் இரும்பு உள்ளங்கையைக் கடித்தது. சோதனைக்கு ஆள் வந்தால் சேற்றை மூடிவைப்பது அவர்கள் பழக்கம். அழுக்கு கண்ணில் பட்டால் கேள்வி மேஸ்திரிக்குத்தான் வரும். இம்முறையும் மூடச் சொன்னவர் அவர்தான். வரப்போவது மண்ணுக்குள் பார்க்கும் இயந்திரம் என்று கேள்விப்பட்டிருந்தார், நம்பவில்லை.

"என் பொண்டாட்டிகூடத்தான் சட்டைப்பைக்கு உள்ள இருக்கறத வெளிய இருந்தே பாப்பா. அவளுக்கு யாரும் ராடார்னு பேரு வைக்கலையே," என்றார், ஓயாமல் பேசுவதால் வானொலி என்று பெயர் வாங்கியவர்.

எட்டு மணிக்கு ராடார் வந்தது. தண்டவாளத்தில் உருளும் தள்ளுவண்டி; ஜல்லிக்கு ஒரு சாண் மேலே தொங்கும் இரண்டு பெட்டிகள்; ஒரு திரை. இயக்கியவள் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண். திரையில் நேராக ஓடிக்கொண்டிருந்த கோடுகள் 212/6-ல் கிண்ணம்போல் தொய்ந்தன. மூன்று முறை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள்.

"அண்ணே, மேல புதுசாக் கொட்டியிருக்கீங்க. அடியில மண்ணு உள்வாங்கி தண்ணி தேங்கி நிக்குது. வேகமா ஒரு வண்டி போனா தாங்காது."

 இதை எழுதுவாயா என்று மட்டும் மேஸ்திரி கேட்டார். எழுதிவிட்டேன் என்றாள்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு எஞ்சினியரின் ஜீப் வந்தது. பின்னிருக்கையில் ராடாரை இயக்கிய பெண்ணும் இருந்தாள். எஞ்சினியர் நீட்டிய அறிக்கையில் 212/6-க்கு நேராக 'கருவிப் பிழை' என்று எழுதியிருந்தது. சாட்சியாகச் சுத்தமான ஜல்லியின் புகைப்படம். அன்றைய ஏழு நாற்பது வண்டியிலிருந்து வேகம் எண்பது கிலோமீட்டர். பாதை நன்றாக இருப்பதால் அடுத்த மாதம் முதல் கேங்குக்கு ஏழு பேர் போதும். மேஸ்திரியின் கையெழுத்து மட்டும் பாக்கி.

ஏழு நாற்பது வண்டி மில்லுக்குப் போகிறவர்களின் வண்டி. மேஸ்திரியின் மனைவி தினமும் அதில்தான் போகிறாள்.

"போடுய்யா. ஜல்லி சுத்தமா இருக்குன்னு நீதான காட்டின," என்றார் எஞ்சினியர், பேனாவை நீட்டி.

"அது மூடினது சார். நான்தான் மூடச் சொன்னேன்."

"இதச் சொன்னா உன் வேலை போகும்."

"போகட்டும் சார்."

"வேலை போயிரும், மிஷின் வேணாம்னு கோஷம் போட்டதும் நீங்கதான். இப்ப மிஷின் மேல பாசம் பொங்குதா?"

"மிஷின் சரியாத்தான் சொல்லிச்சு சார்," என்றாள் அந்தப் பெண், ஜீப்பிலிருந்து இறங்கியபடி. "பிழைன்னு எழுதினது மிஷின் இல்ல."

மேஸ்திரி பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். முதலில் கொடி என்றார். ஜல்லியைத் தோண்டுமுன் வண்டியை மறித்தாக வேண்டும். வானொலி சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல், வண்டி வரும் திசையில் ஓடினார். கொடி கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போனபின் மேஸ்திரி கடப்பாரையை இறக்கினார். செவ்வாய்க்கிழமை கொட்டிய ஜல்லியைப் பதினொரு பேரும் வாரினார்கள். முழ ஆழத்தில் சாம்பல் நிறச் சேறு கொப்புளித்துக் கடப்பாரையின் பாதியை விழுங்கியது.

வண்டி நின்றால் பன்னிரண்டு பேருக்கும் சஸ்பென்ஷன் என்றார் எஞ்சினியர். குரலில் முன்பிருந்த உறுதி இல்லை.

"பதிமூணுன்னு எழுதிக்கோங்க சார்," என்று சொல்லிவிட்டு அவள் கூடையைத் தூக்கினாள்.

ஏழு நாற்பது வண்டி 212/6-க்கு அறுநூறு மீட்டர் முன்னால் நின்றது. ஜல்லியைத் திரும்ப இட்டு இறுக்கியபின், ஐம்பது நிமிடம் தாமதமாக, நடைவேகத்தில் கடந்தது. அன்று மாலை பன்னிரண்டு பேருக்குச் சஸ்பென்ஷன் உத்தரவு வந்தது; அந்தப் பெண்ணின் ஒப்பந்தம் ரத்தானது. பழுதுபார்க்க உத்தரவு வரவில்லை.

வெள்ளிக்கிழமை விடியற்காலை பதிமூன்று பேரும் சிவப்புக் கொடியும் கடப்பாரைகளுமாக 212/6-ல் நின்றார்கள். ஐந்தரை மணிக்குப் பக்கத்துப் பகுதிகளின் கேங் ஆட்கள் முப்பத்தொரு பேர் தண்டவாளத்தோரமாக நடந்து வந்து அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள்.