உருளியின் அடியில் சேவல்

வலியசாலையில் கல்யாணப் பாத்திரங்களை வாடகைக்கு விடும் கோலப்பன், வியாபாரிகள் சங்க ஆண்டு விழாவில் ஒரு சொற்பொழிவு கேட்டுவிட்டு வந்தார். அதற்கு முன்பு அவர் நல்ல மனிதர்.

பேசியவர் எர்ணாகுளத்திலிருந்து வந்த கோட்டுக்காரர். முதலாளி என்பவன் மூளை, கைகால் வேலைகளை வெளியே கொடுத்துவிட வேண்டும் என்று அவர் சொன்னது, கோலப்பனுக்குத் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருந்தது. மறுநாளே சாலைக் கடைத்தெருவில் ஒரு சுழல் நாற்காலி வாங்கினார். போர்டில் தன் பெயருக்குப் பின்னால் 'அண்ட் கோ' எழுதச் சொன்னார். அந்தக் கம்பெனியில் அவரைத் தவிர யார் இருந்தார்கள் என்பது இன்றுவரை தெரியவில்லை. அது எழுபத்தி நாலாம் வருஷம். தெருவில் இன்னும் பலர் சாட்சி.

பின்கட்டுக் கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த தாசம்மாளையும் பிச்சம்மாளையும் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். கிள்ளியாற்றங்கரையில் ஷெட் போட்டிருந்த வேல்சாமி பாதிக் கூலிக்குத் தேய்த்துத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தான்.

"இனிமே இங்க நிர்வாகம் மட்டுந்தான்" என்றார் மனைவி பகவதியம்மாளிடம்.

"வேல்சாமி வேற யாருக்கெல்லாம் தேய்க்கான்?"

"ஊருக்கே தேய்க்கான். அதனாலயாக்கும் கொறஞ்ச ரேட்டு. இதொண்ணும் உனக்கு மனசிலாவாது."

கோலப்பன் பாத்திரம் சைவ விருந்துக்கு மட்டுந்தான் போகும். ஒவ்வொன்றின் அடியிலும் சின்னதாக ஒரு வேல் வெட்டியிருக்கும். கரமனை அக்ரகாரத்தில் அந்த வேல் அடையாளத்தைப் பார்த்தால் மறுபேச்சு கிடையாது. அந்த நாலு தெருவின் நம்பிக்கையில்தான் கடை நடந்தது. அது போனால் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முதல் மாதம் பாத்திரங்கள் கண்ணாடியாகப் பளபளத்தன. கோலப்பன் அண்டாவில் தன் முகத்தைப் பார்த்து மீசையைச் சரிசெய்துகொண்டார். இரண்டாம் மாதம் மூடிகள் பொருந்தவில்லை. கரண்டிகள் போகும்போது இருந்தன, வரும்போது இல்லை. வேல்சாமி ஆள் வரவில்லை என்பான், வண்டி இல்லை என்பான். நிர்வாகம் மட்டும் செய்வதாக இருந்தவர் குடையைப் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரையில் அரைநாள் காத்துக்கிடந்தார். அதையும் நிர்வாகம் என்றே வீட்டில் சொன்னார்.

இப்படியிருக்கையில் கரமனையில் வெங்கடகிருஷ்ணன் வீட்டுக் கல்யாணம் வந்தது. கணக்கு ஆபீஸில் பெரிய உத்தியோகம் பார்த்தவர்; பெண்ணின் கல்யாணத்தைத் தெருவே தன் கல்யாணமாக எடுத்துக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு முதல்நாள் மத்தியானம் பாத்திரங்கள் வேல்சாமியின் ஷெட்டிலிருந்து நேராகக் கல்யாண வீட்டுக்குப் போய் இறங்கின. கோலப்பன் ஜிப்பாவில் வந்து மேற்பார்வை பார்த்தார்.

சமையல் ராமசுப்ரமணியன் பழைய ஆள். விறகடுப்பில் ஏற்றுமுன் கரி பிடிக்காமலிருக்கப் பாத்திரத்தின் அடியில் மண்ணைக் குழைத்துப் பூசுவது வழக்கம். பாயசம் காய்ச்சும் அகன்ற வெண்கல உருளியைக் கவிழ்த்தார். கையில் மண்ணோடு அப்படியே நின்றார்.

"ஓய் கோலப்பன், இங்க வாரும். இது என்ன?"

வேல் இருக்க வேண்டிய இடத்தில், கொண்டையும் வாலும் பிசகில்லாமல், ஒரு சேவல் இருந்தது. தம்பானூர்ப் பக்கத்துப் பிரியாணிக் கடை ஒன்றின் அடையாளம் அது. கோலப்பனுக்கும் அது தெரியும். ஆனால் அவர் சொற்பொழிவு கேட்டவர்.

"சாமி, நம்ம மார்க்கு வேல். வேலுக்குத் துணை சேவல். முருகனுக்க கொடியாக்கும். புதுசா வெட்டினது."

"முருகன் சேவல் கொடியில இருக்கும். பாயசத்துக்கு அடியில வந்து எதுக்கு ஒக்காரணும்?"

சத்தம் கேட்டு வெங்கடகிருஷ்ணன் வந்தார். விஷயத்தைக் கேட்டார், உருளியைப் பார்த்தார், கோலப்பனைப் பார்த்தார். நாளைக்கு முகூர்த்தம். நம்புவதுதான் சௌகரியம். "முருகன்தானே, இருக்கட்டுமே" என்று அவர் வாயெடுத்தபோது, பொய் தன் காலில் தானே நின்றுவிட்டதைக் கோலப்பன் கண்டார். அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அப்போது பகவதியம்மாள் உள்ளே வந்தாள். வேல்சாமி ஷெட்டில் விட்டுவிட்டுப்போன மூடிகளை அங்கே போய் எடுத்துச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தாள். சேவலைப் பார்த்தாள். புருஷன் கண்ணைச் சிமிட்டியதையும் பார்த்தாள்.

"அது பிரியாணிக் கடைக்க உருளி சாமி" என்றாள். "தேய்க்கக் குடுத்த எடத்துல மாறிப்போச்சு. குத்தம் எங்களுக்க."

கோலப்பனுக்கு அவளை அடுத்த பஸ்ஸிலேயே திருப்பி ஏற்றிவிட வேண்டும்போல் இருந்தது.

"இப்போ வந்து சொல்றேளே" என்றார் வெங்கடகிருஷ்ணன்.

"இப்பம் சொன்னாத்தான் மாத்த முடியும்."

"இது ஒண்ணுதானே? மத்ததுல வேல் இருக்கே" என்றார் ராமசுப்ரமணியன்.

"வேல் இருக்கதும் வேண்டாம். தேய்க்கவன் எல்லாத்தையும் ஒரே தொட்டியிலயாக்கும் முக்கி எடுக்கான். நான் போய்ப் பாத்தேன். அடுப்பு மூட்டுகதுக்கு முன்ன வேற பாத்திரம் வரும்."

கேட்காத கேள்விக்கும் அவள் பதில் சொன்னது கோலப்பனைத் திகைக்கவைத்தது. வெளியே வந்ததும் பல்லைக் கடித்தார். "எங்கேருந்து வரும்? ஊர்ல உள்ள கடை பூராவும் வேல்சாமிகிட்டதான் குடுக்கு. மிச்சம் இருந்தவனையும் நாந்தானே சேத்துவிட்டேன்."

"பரண்ல இருக்கு."

கோலப்பன் நடுத்தெருவில் நின்றுவிட்டார். பரணில் இருந்தது பகவதியம்மாளின் சீதனம். நாகர்கோவிலிலிருந்து வண்டி நிறைய வந்த உருளியும் அண்டாவும் தவலையும். பெரியவற்றை அவள் அடுப்பில் ஏற்றியதே இல்லை. மகள் சிவகாமிக்குப் புதுசாகவே போக வேண்டும் என்று துணி சுற்றி வைத்திருந்தாள். வாடகைக்குக் கேட்டு ஒரு தடவை அவரே கெஞ்சியிருக்கிறார். அன்றைக்கு அவருக்குச் சோறு கிடைக்கவில்லை.

"சிவகாமிக்குன்னு வச்சதுல்லா" என்றார்.

"அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் நடக்கணும்னா கடை இருக்கணும். நீங்க போய்த் தாசம்மாளைக் கூட்டிட்டு வாருங்கோ. உருளி எல்லாம் வருசக்கணக்காக் களிம்பு பிடிச்சுக் கெடக்கு."

"ஆள விட்டுக் கூப்பிடலாம்."

"நிறுத்தினது ஆளு இல்லல்லா. நீங்கதானே."

தாசம்மாள் குடிசை வாசலில் ஓலை முடைந்துகொண்டிருந்தாள். ஜிப்பாவைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"மொதலாளியா? நிர்வாகம் எல்லாம் எப்படி இருக்கு?"

கோலப்பன் நடந்ததைச் சொன்னார். சேவலைச் சொன்னார். முருகனுக்க கொடி என்று புளுகியதை விட்டுவிடலாமா என்று யோசித்து, அதையும் சொன்னார். தாசம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்; பக்கத்து வீட்டுப் பிச்சம்மாளைக் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னார்.

"உங்க வீட்டு அம்மைக்காக வாறோம்" என்றாள் தாசம்மாள். "பரண்ல நீங்க ஏறணும். எனக்கு முட்டு வலி."

அன்று சாயங்காலம் அண்ட் கோவின் முதலாளி, ஜிப்பாவைக் கழற்றிவைத்து, தலையில் ஒட்டடையோடு உருளியை இறக்கினார். பெண்கள் இருவரும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தார்கள். பகவதியம்மாள் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து வண்டியில் ஏற்றினாள். கடைசி உருளியில் மட்டும் அவள் கை கொஞ்சம் தங்கியது. பிறகு அதையும் ஏற்றினாள்.

மறுநாள் விருந்து நன்றாக நடந்தது. பந்தியில் பாயசத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்கள். கோலப்பன் ஒரு தூணோரம் நின்று, தன் மாமனார் பெயர் வெட்டிய உருளியிலிருந்து பாயசம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீதனம் கொண்டுவந்த அன்று அவர் அதைத் தட்டித் தட்டிப் பார்த்து எடை சொன்னவர். அதைக் கொண்டுவந்தவளின் எடை அவருக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

பாத்திரங்கள் திரும்பி வந்தபோது மண்பூச்சையும் மீறி அடியில் கரி ஏறியிருந்தது. தேய்த்தால் போகும், புதுசு திரும்பாது. பாதிக் கூலியில் மிச்சம் பிடித்ததெல்லாம் இதற்குக் காணாது என்பது அவருக்கு விளங்கியது. பகவதியம்மாள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் கரமனையிலிருந்து ஒருவர் வந்தார். பேத்திக்குக் கல்யாணமாம். சுழல் நாற்காலியில் இருந்த கோலப்பன் நிமிர்ந்து, "சொல்லுங்கோ, நான்தான் புரொப்ரைட்டர்" என்றார்.

"சேவல் பிரியாணிக் கடையோடதுன்னு சொன்னாளாமே, அந்த அம்மா இருக்காளா?"

கோலப்பன் எழுந்து நாற்காலியை வந்தவருக்குத் திருப்பிப் போட்டார். "இரியுங்கோ. அவளாக்கும் இங்க எல்லாம். கூப்பிடுதேன்."

பகவதியம்மாளை முன்பக்கம் அனுப்பிவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். கிணற்றடியில் தாசம்மாள் அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் வந்தது தெரிந்து அண்டாவுக்குள்ளிருந்தே குரல் கொடுத்தாள்.

"மொதலாளி, சும்மா நிக்கதுக்குப் பதிலா ரெண்டு வாளி தண்ணி எறச்சு விடும்."

அவர் ஜிப்பாக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கயிற்றைப் பிடித்தார்.