பத்து விரலுக்கு ஒரு பூ

ஆகஸ்ட் பிறந்து மூன்று நாளாகியும் மாதாவுக்குக் கை முளைக்கவில்லை.

முகம் வந்துவிட்டது. முக்காடு வந்துவிட்டது. நீல அங்கியின் மடிப்புகூட ஒன்று பாக்கியில்லாமல் வந்துவிட்டது. மார்புக்கு நேரே இரண்டு கைகளும் குவிய வேண்டிய இடத்தில் மட்டும் வெறும் மண்நிறப் பூச்சு. அதைப் பார்த்துவிட்டு ஓடோ சாமியார் நேரே கத்லைன் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“அம்மா, பதினஞ்சாம் தேதி மாதா திருநாள். படப் பலகை பீடத்துல ஏறியாகணும். கையில்லாத மாதாகிட்ட சனங்க எதைப் பார்த்துக் கும்பிடும்?”

“அதை லாம்பெர்ட்கிட்டயே கேட்டிருக்கலாமே சாமி?”

“கேட்டேன். ‘ஆகும், ஆகும்’ங்கிறார். ஜூன் மாசத்துலருந்து ஆகுது. வர்ற திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் பலகையத் தூக்கிட்டுப் போய், ரோமாபுரியிலருந்து புதுசா வந்திருக்காரே ஒருத்தர், அவர்கிட்ட குடுத்துடுவேன். அவர் இந்த முகத்தையும் அழிச்சிட்டு வேற முகம் வைப்பாராம். உங்க வீட்டுக்காரரோட பூவும் அவருக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாத் தெரியுதாம்.”

சாமியார் போனதும் கத்லைன் கதவைச் சாத்திவிட்டு மாடிப்படியின் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க ஒரு காரணமும் தோன்றவில்லை.

ஆன்ட்வெர்ப் பட்டணத்தில் பூ வரைகிறவன் பூ மட்டும்தான் வரைவான், ஆள் வரைகிறவன் ஆள் மட்டும். அவள் புருஷன் செர்வாஸ் பூக்காரன். பலகை முழுக்கப் பூவும் பழமுமாக ஒரு மாலையைக் கட்டி, நடுவில் முட்டை வடிவத்தில் இடம் விட்டுவிடுவான். அந்த இடத்தில் லாம்பெர்ட் மாதாவை உட்கார்த்துவான். இருபத்தாறு வருஷமாக இப்படித்தான். இரண்டு பேருக்கும் நடுவே கல்யாணம் ஒன்றுதான் குறை என்று ஊரே சொல்லும்.

அந்தப் பூக்களைச் சுமந்தவள் கத்லைன். எதையும் கண்ணால் பார்க்காமல் செர்வாஸ் வரையமாட்டான். முன்பு வரைந்து வைத்த தாள்கள் பெட்டி நிறையக் கிடக்கின்றன, அவற்றைத் தொடமாட்டான். நேற்றைய ரோஜா வேறு, இன்றைய ரோஜா வேறு என்பான். ஆகவே மார்ச் பூவுக்கு மார்ச்சில் நடக்க வேண்டும், மே பூவுக்கு மேயில். ஒரே மாலையில் தோளோடு தோள் உரசிக்கொண்டு சிரிக்கும் அந்தப் பூக்கள் ஒன்றையொன்று நேரில் பார்த்ததே கிடையாது. எல்லாவற்றையும் பார்த்தது கத்லைனின் முழங்கால் மட்டும்தான்.

கோட்டை வாசலுக்கு வெளியே உள்ள தோட்டக்காரர்கள் அவளைக் கண்டாலே விலையை ஏற்றுவார்கள். வைர வியாபாரியின் விதவை தன் துலிப்பை இரண்டு மணி நேரத்துக்கு இரவல் கொடுத்தாள். பூ ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்ள வேலைக்காரன் ஒருவனையும் கூடவே அனுப்பினாள். பழத்தின் கதையும் அதேதான். வரைந்து முடிக்கும்வரை யாரும் தொடக்கூடாது. தொடலாம் என்கிறபோது தொடுகிற நிலையில் இருக்காது. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில், அழுகாத பீச் பழம் ஒன்றை அவள் வாயில் வைத்ததில்லை.

“இந்த மாலையோட சரிடி” என்று செர்வாஸ் இந்த வருஷம் சத்தியம் செய்திருந்தான். “அடுத்த வருஷத்துலருந்து பெட்டியில கிடக்கிற தாளைப் பார்த்தே வரைஞ்சுக்கிறேன். நீ காலை நீட்டி உட்காரு.”

ரோமாபுரிக்காரன் கையில் பலகை சிக்கினால் அந்தச் சத்தியம் காற்றோடு போகும். தன் பூவை ஒருத்தன் வெட்டினான் என்று தெரிந்தால் செர்வாஸ் சும்மா இருக்கமாட்டான். இதைவிடப் பெரிய மாலையைத் தொடங்குவான். மறுபடி மார்ச். மறுபடி கோட்டை வாசல். கத்லைன் தன் காலைப் பார்த்தாள். கணுக்கால் ரொட்டி மாவுபோல உப்பியிருந்தது.

போதாக்குறைக்கு இந்த இரண்டு பேரும் பேசி இரண்டு வருஷமாகிறது. அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் சண்டை. லாம்பெர்ட் திடீரென்று எழுந்து, “உன் பூ என் மாதாவை நெருக்குது! வருஷத்துக்கு வருஷம் இடம் சுருங்குது. இப்படியே போனா மூக்குக்கு மட்டும்தான் இடம் விடுவே” என்று கத்தினான். “மூக்கு உனக்கு ஒழுங்கா வந்தாத்தானே” என்றான் செர்வாஸ். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பலகை தள்ளுவண்டியில் போகும், வரும். வசவு கத்லைன் வாயில் போகும், வரும்.

அவள் மீன் சந்தைக்குப் பின்னால் இருந்த லாம்பெர்ட் வீட்டுக்கு நடந்தாள். வெயில் கல்லில் அடித்து முகத்தில் எகிறியது. கதவு திறந்தே இருந்தது. லாம்பெர்ட் பனிக்காலத்து மயிர்த்தோல் அங்கியைப் போட்டுக்கொண்டு, இந்தக் கையை அந்தச் சட்டைக்கைக்குள்ளும் அந்தக் கையை இந்தச் சட்டைக்கைக்குள்ளுமாக நுழைத்தபடி நாற்காலியில் இருந்தான். நெற்றி வியர்த்து ஒழுகியது.

“வாங்க அண்ணி. பீப்பாயில பீர் இருக்கு, நீங்களே ஊத்திக்குங்க.”

கத்லைனின் அப்பா துணி வியாபாரி. ‘விக்கிறவன் எந்த முனையச் சுருட்டிப் பிடிச்சிருக்கானோ, அந்த முனைய விரிக்கச் சொல்லு’ என்பது அவர் மகளுக்குக் கொடுத்த சீதனம்.

“எனக்கு வேணாம். நீ ஒரு கோப்பை ஊத்திக் குடு, குடிக்கிறேன்” என்றாள்.

“பார்த்தீங்களா, வந்ததும் வராததுமா அதிகாரம்.”

“கைய வெளிய எடு லாம்பெர்ட்.”

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. மெல்லக் கையை எடுத்து முட்டியின் மேல் வைத்தான். இரண்டும் தண்ணீருக்கு வெளியே போட்ட மீன்போலத் துடித்தன. வலது கை சற்று அதிகமாகவே.

கத்லைன் பலகை அருகே போனாள். கை இருக்க வேண்டிய இடத்தில் பூச்சு சுரண்டிச் சுரண்டி மரமே தெரிந்தது.

“எத்தனை தடவை சுரண்டினே?”

“பதினொரு தடவை. விடியக்காலையில ஒரு அரைமணி நேரம் சொன்ன பேச்சு கேக்குது அண்ணி. அந்த அரைமணி அரைமணியா சேர்த்துதான் முகத்தை முடிச்சேன். அங்கி பெரிய தூரிகை, அது ஒண்ணுமில்ல. விரல்தான்... பத்து விரல்! விரலே இல்லாத புனிதை ஒருத்தி கிடைச்சா நான் இன்னும் பத்து வருஷம் பொழைப்பேன்.”

“எப்பலருந்து?”

அவன் பீர்ப் பீப்பாயைப் பார்த்தான். அவளுக்கே நினைவு வந்தது. அன்றைக்குச் சண்டைக்கு முன்னால் மேசையில் பீர் கொட்டியது. லாம்பெர்ட் கோப்பைதான். கோபத்தில் கொட்டியது என்று அவள் துடைத்தாள்.

“முதல்ல கொட்டுச்சு,” என்றான் லாம்பெர்ட், “கோவம் அப்புறமா வரவழைச்சது. உங்க மேசையில உட்கார்ந்தா தினமும் கோப்பையத் தூக்கணுமில்ல?”

“இதுக்கா ரெண்டு வருஷமா என்னை நடக்க விட்டே? மடையா! நடுக்கம் உனக்கு, நடை எனக்கா?”

“செர்வாஸ்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவன் திட்டினா தாங்கிப்பேன். பாவப்பட்டா தாங்கமாட்டேன்.”

கத்லைன் பீரை ஊற்றிக் கோப்பையை அவன் வாயருகே பிடித்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான், பிறகு குடித்தான். அவன் குடித்து முடிப்பதற்குள் அவள் தள்ளுவண்டிக்காரனை எப்படிப் பிடிப்பது என்று யோசிக்க ஆரம்பித்திருந்தாள்.

சாயங்காலம் பலகை செர்வாஸின் அறையில் நின்றது. அவன் முதலில் தன் பூக்களை எண்ணினான், லாம்பெர்ட் எதையாவது திருடியிருப்பானோ என்பதுபோல. பிறகு நடுவிலிருந்த சுரண்டலைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

“என்ன சொல்றான் உன் கொழுந்தன்?”

வாங்குகிறவனிடம் ‘வாங்கிக்கொள்’ என்று கெஞ்சினால் சரக்கு விற்காது. ‘உனக்குக் கட்டுப்படியாகாது’ என்று துணியை மடிக்க வேண்டும். கத்லைன் மடித்தாள்.

“அவன் என்னமோ சொல்றான். விடுங்க.”

“சொல்லுடி.”

“மாலையில உள்ள பூ எதுவும் நடுவுல இருக்கிற முட்டை வட்டத்தைத் தாண்டி உள்ள வரக்கூடாதாம். மாதா கைக்கு முன்னால நிக்கிற தகுதி உள்ள பூ எதையும் நீங்க இன்னும் வரைஞ்சதில்லையாம். அப்படி ஒரு பூவை நீங்க வரைஞ்சுட்டா, அது தன் மாதாவோட கையவே மறைச்சாலும் பரவாயில்லையாம்.”

செர்வாஸ் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தான். பிறகு வண்ணம் குழைக்கும் தட்டை எடுத்தான்.

“அப்படியா சேதி? கையவே மறைக்கிறேன் பாரு. போய் லில்லி கொண்டா.”

“இது ஆகஸ்ட். லில்லி ஜூலையிலயே உதிர்ந்தாச்சு.”

“அப்ப நல்ல ரோஜா. மடத்துத் தோட்டத்துல ரெண்டாம் பூ இருக்கும்.”

“மடம் ஊர்க்கோடியில இருக்கு. பெட்டியில நூறு லில்லி தூங்குது. ஒண்ணை எழுப்புங்க.”

“செத்த பூவை மாதா கையில குடுக்கச் சொல்றியா?”

கத்லைன் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு கக்கூஸுக்குப் போனாள். அந்த வீட்டில் அவள் தனியாக உட்கார அதைவிட்டால் வேறு இடம் இல்லை. மடத்துக்குப் போக எவ்வளவு நேரம், வர எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டாள். வெளியே வந்தபோது கால் நடக்க மறுத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கக்கூஸ் சுவரோரம் சீமைத்துத்தி நின்றது. யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் விட்டதில்லை. ஆளைவிட நெட்டையாக வளர்ந்து, தண்டு நெடுக உள்ளங்கை அகலத்துக்கு வெளிர்ச் சிவப்பில் பூத்திருந்தது. ஊரில் சாக்கடையுள்ள இடத்திலெல்லாம் இருப்பதால் எந்த ஓவியனும் திரும்பிப் பார்க்காத பூ. கத்லைன் உள்ளே போய் மீன் வெட்டும் கத்தியை எடுத்துவந்து தண்டை அறுத்தாள்.

“இதுவா?” என்றான் செர்வாஸ். “கக்கூஸ் பக்கத்துப் பூவா மாதாவுக்கு?”

“ரோஜாவுக்கு மட்டும் தோட்டக்காரன் பன்னீரா ஊத்துறான்? அங்க போற சரக்கும் இதே சரக்குதான், கூடைக்கு இவ்வளவுன்னு விலை பேசி வாங்கிட்டுப் போறான். இது நேரா வாங்குது.”

“ஏதாவது நாறினா?”

“படத்துல மூக்கு இருக்கிறது மாதாவுக்கு மட்டும்தான். அவங்க மாட்டுக்கொட்டாய்ல புள்ள பெத்தவங்க, ஒண்ணும் சொல்லமாட்டாங்க. வரைங்க. நான் இனிமே ஒரு எட்டு நடக்கமாட்டேன்.”

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் செர்வாஸைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். பூவை ஜாடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சாயங்காலமானதும் இதழ் சுருங்கிவிடும் என்று தெரிந்ததும் மறுநாள் விடியலிலேயே உட்கார்ந்துவிட்டான். தினம் ஒரு தண்டு. வெட்டியது முப்பதடி தூரத்தில். மாலையிலிருந்து ஒரு கிளை அந்த முட்டை வட்டத்தைத் தாண்டி உள்ளே வளைந்தது. அங்கியின் இரண்டு கைகளும் அதை நோக்கி வந்து பூவுக்குப் பின்னால் மறைந்தன. மாதா அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறாள் என்று யார் பார்த்தாலும் சத்தியம் செய்வார்கள். ஒரு விரல்கூடத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஓடோ சாமியார் வந்தார். லாம்பெர்ட்டும் வந்தான். கத்லைன் ஆள் விட்டு அழைத்திருந்தாள், அதே மயிர்த்தோல் அங்கியோடு வாசல் நிலையில் சாய்ந்து நின்றான், உள்ளே வரலாமா என்று கேட்காமல்.

சாமியார் பலகை முன்னால் தலையைச் சாய்த்து நின்றார்.

“இது... வாசலோரத்துல வளர்ற பூவாச்சே?”

“ஆமா சாமி.”

“ராணிமாருக்கு லில்லி. ஆனா இவங்க ஏழைங்களோட தாய். யாரும் சீந்தாத பூவை ரெண்டு கையாலயும் மார்போட அணைச்சிருக்காங்க!” அவர் சிலுவை போட்டுக்கொண்டார். “என்ன தாழ்மை! எப்படித் தோணுச்சு உங்களுக்கு?”

“ரொம்பத் தாழ்வான இடத்துலதான் தோணுச்சு சாமி” என்றாள் கத்லைன்.

“இதே மாதிரி எங்க கென்ட் பட்டணத்து மடத்துக்கும் ஒண்ணு வேணும். கை வேணாம், பூ போதும்.”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

“பண்ணலாம் சாமி” என்றாள் கத்லைன், இரண்டு ஆண்களும் வாயைத் திறப்பதற்குள். “துத்தி என் சுவத்துல இருக்கு. மத்தப் பூவுக்குப் பெட்டியில தாள் இருக்கு. அதைப் பார்த்து வரையறதா இருந்தா பண்ணலாம். இல்லன்னா இல்ல.”

சாமியார் செர்வாஸைப் பார்த்தார். செர்வாஸ் தன் மாலையிலிருந்த துலிப்பைப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். “தாள்லயும் பூதானே இருக்கு” என்றான்.

சாமியார் போனதும் செர்வாஸ் வாசலைப் பார்த்து, “ஏன்டா, அங்கயே நின்னா காசு குடுப்பாங்களா? வந்து உட்காரு. என் பூ உன் மாதாவை நெருக்குதான்னு கிட்ட வந்து பாரு” என்றான்.

“நெருக்குது” என்றான் லாம்பெர்ட் உட்கார்ந்துகொண்டே. “இருந்துட்டுப் போகட்டும்.”

செர்வாஸ் இரண்டு கோப்பைகளை எடுத்தான். தன் கோப்பையை விளிம்புவரை நிரப்பினான். லாம்பெர்ட் கோப்பையில் பாதியோடு நிறுத்திவிட்டு, குடத்தை மேசையில் வைத்தான். லாம்பெர்ட் கோப்பையைத் தூக்கினான். பீர் உள்ளேயே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தது; ஒரு சொட்டு வெளியே வரவில்லை.

கத்லைன் புருஷனைப் பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

புதுக் கிளையின் அடியில் சேர்க்கவென்று செர்வாஸ் சனிக்கிழமையே வரைந்து முடித்த பீச் பழம் ஒன்று தட்டில் இருந்தது. அவள் அதை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். ஒரு பக்கம் அழுகத் தொடங்கியிருந்தது. மறுபக்கம் நன்றாகத்தான் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, காலை எதிர் நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு, நல்ல பக்கமாகக் கடித்தாள்.