டேனிஷ் படத்தில் என் முறை

எங்கள் ஊர் பூரணி தியேட்டரில் ஓடும் டேனிஷ் படத்தில் பெரியவர்களே கிடையாது. பனித் தீவு ஒன்றில் ஆறு பிள்ளைகள் தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் எங்கள் தெருப் பெண்கள் முறை வைத்துப் படத்துக்குள்ளேயே போய் அவர்களைப் பார்த்துக்கொள்கிறோம். இந்த வாரம் என் முறை.

போன வாரம் போய்வந்த செல்லக்கனி அக்கா, திரைக்குப் பக்கத்தில் நின்று கம்பளியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள்.

"வெளிச்சத்துல தலையைக் காட்டிராத. பெரியவங்க இல்லாத படம்னு போஸ்டர்லயே போட்டிருக்கான். டிக்கெட் எடுத்தவன் சண்டைக்கு வருவான்."

"பிள்ளைக சாப்பிடுதுகளா?"

"ரசம் மட்டும் குடிக்குதுக. மூத்தவ இங்கர்தான் சொல்பேச்சு கேக்க மாட்டா. கடைசியில உதவிக்கு ஆள் தேடி, உறைஞ்ச கடல் மேல நடந்து போவா. பனி உடைஞ்சு உள்ள விழுவா. அதோட படம் முடிஞ்சிரும். அடுத்த ஆட்டத்துக்கு ஈரத்தோட வந்து நிப்பா."

உள்ளே ஒரே எரிச்சல். ஈர பூட்ஸோடு படுக்கையில் ஏறுகிறார்கள். தலைக்கு எண்ணெய் கிடையாது. பேசினால் கீழே சப்டைட்டில் எழுத்து விழுகிறது. அதை நான்தான் கூட்டி அள்ள வேண்டியிருக்கிறது. அதிலும் சின்னவன் மூச்சுவிடாமல் பேசுகிறான். கதவுக்குப் பின்னால், அடுப்புக்குப் பின்னால் என்று குனிந்து குனிந்தே என் இடுப்பு போயிற்று.

இங்கருக்கு என் மகள் அகல்யா வயது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தலை சொட்டச் சொட்ட வந்து நின்றாள். துவட்டிவிட்டேன். மறுபடி போய் நனைந்து வந்தாள். சனிக்கிழமைக்குள் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. இருமும்போது விலா எலும்பு தெரிந்தது.

"ஏட்டி, இன்னைக்கு ஒருநாள் போகாம இரேன்," என்றேன்.

"நான் போகலைன்னா யார் போவா? இங்க பெரியவங்க யாருமே இல்லையே," என்றாள், என் கையிலிருந்த ரசத்தை வாங்கிக்கொண்டே.

அகல்யா மழையில் வெளியே கிளம்பினால் என்ன செய்வேனோ அதையே செய்தேன். இங்கரின் பூட்ஸை எடுத்து விறகுக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டத்தில் இங்கர் பூட்ஸைத் தேடினாள். தேடிக்கொண்டே இருந்தாள். வெறுங்காலோடு பனியில் போக அவள் ஒன்றும் முட்டாள் இல்லை. படம் முடியவில்லை. டிக்கெட் எடுத்த படத்தைப் பாதியில் விட்டுப் போகிற வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. தெருவே உட்கார்ந்திருந்தது. என் வீட்டுக்காரர் வாயைத் திறந்து தூங்கினார்.

முன் வரிசையிலிருந்து செல்லக்கனி அக்கா எழுந்தாள். "பூட்ஸை எடுத்துக் குடுத்துத் தொலை. வீட்டுல நம்ம பிள்ளைக தனியா கெடக்கு."

இங்கரின் இருமல் அப்போதுதான் கொஞ்சம் தணிந்திருந்தது. நான் கொடுக்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து, திரைக்குப் பின்னால் இருக்கும் சந்து வழியாக அகல்யா வந்தாள். இரட்டைப் பின்னல் போட்டிருந்தாள். வகிடு கோணல்.

"யாருட்டி பின்னிவிட்டா?"

"இங்கரோட அம்மா. அவங்க ஊர்ப் பொம்பளைங்க முறை வச்சு நம்ம தெருவுக்கு வாராங்க. கண்ணுல படாம கதவுக்குப் பின்னாலயே நின்னு சமைக்காங்க. ஒண்ணுலயும் உப்பு இல்லம்மா."

அவள் பேசப் பேசக் காலடியில் எழுத்து விழுந்தது. நான் துடைப்பத்தை எடுத்தேன்.